டெல்மாவுக்கு மூட்டிய நெருப்பு

லோர்ன் கீஷிக் மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டாராம். போதையில் தூங்கிப்போய் டெல்மாவுக்கு மூட்டிய நெருப்பை அணையவிட்டாராம். பிங்கோ ஆடும் கூடத்தில் யாரோ பெர்னியின் மனைவிக்குச் சொல்லி, அவள் பெர்னிக்குச் சொல்லி, அவன் வேனில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டதும் எனக்குச் சொன்னான்.

"நான் நம்பலைப்பா. ஆனா சொல்றேன்," என்றான்.

பூர்வகுடிகள் வாழும் இந்த ரிசர்விலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. பெர்னிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அவன் லோர்னுக்கு அத்தை மகன். இங்கேயும் அத்தை மகன் என்றால் கேலிக்கு உரிமைப்பட்டவன்தான். வந்த புதிதில் இதைக் கண்டு நான் வாய்பிளந்து நின்றதுண்டு. லோர்னின் காது, அவர் சுடும் ரொட்டி, கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டும் டிரக், எதையும் பெர்னி விட்டுவைத்ததில்லை. அப்படிப்பட்டவன் அன்று ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. ஜன்னல் வழியாக, ஊரை ஒட்டி நிற்கும் ரசாயன ஆலையின் வேலியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இந்த ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் வீட்டுக்குப் பின்னால் நெருப்பு மூட்டுவார்கள். நாலு நாள் அது அணையக்கூடாது. போகிறவர் மேற்கே நடக்கும் வழிக்கு அதுதான் வெளிச்சம். அதில் இடுகிற சாப்பாடுதான் அவருக்கு வழிச்சாப்பாடு. அடக்கம் முடிந்த பிறகும் யாரும் அதன்மேல் தண்ணீர் தெளிக்கமாட்டார்கள். அதுவாக அடங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாலு நாளும் நெருப்பின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள, ஊரில் நம்பிக்கையான ஆளைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது என்றால் வாயால் கூப்பிடுவது இல்லை. புகையிலையைச் சிவப்புத் துணியில் முடிந்து கொண்டுபோய் நீட்ட வேண்டும். வாங்கிக்கொண்டால் சம்மதம். வாங்கிய பின் முடியாது என்ற பேச்சே கிடையாது.

லோர்னிடம் நீட்டிய புகையிலையை அவர் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. அறுபதைத் தாண்டிய ஆள், நெடுநெடுவென்று உயரம். நடக்கும்போது தலையைக் கொஞ்சம் குனிந்தே நடப்பார். ஆலையில் குழாய்களுக்கு அடியில் புகுந்து புகுந்து வந்த பழக்கம்.

இளம் வயதில் அவர் குடித்த குடி ஊரறிந்த கதை. மனைவி ஆற்றுக்கு அந்தப்பக்கம் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவருடைய அம்மா இறந்தபோது அவரை எங்கெங்கோ தேடினார்கள். வந்து சேர்ந்தபோது அம்மாவைப் புதைத்தாகிவிட்டது. நெருப்பு அடங்கி, கல் வட்டத்துக்குள் சாம்பல் மட்டும் கிடந்தது. அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை.

ஊர் உடனே நம்பிவிடவில்லை. முதலில் நம்பியவள் டெல்மா. அவளும் லோர்னும் அக்கா தங்கை பிள்ளைகள், ஆகவே அவளுக்கு அவர் தம்பி முறை. தன் கணவன் இறந்தபோது அவள் புகையிலையை எடுத்துக்கொண்டு நேராக லோர்ன் வீட்டுக்குத்தான் போனாள். சொந்தக்காரர்கள் பின்னாலேயே வந்து தடுத்தார்கள்.

"போயும் போயும் ஒரு குடிகாரனையா நெருப்புக்கிட்ட உக்கார வைக்கப் போறே?"

"அவன் முழிச்சிருப்பான்," என்றாள் டெல்மா. "தூக்கம் வராம கிடக்கிறது எப்படின்னு அவனுக்கு நல்லாத் தெரியும். உங்களுக்கெல்லாம் குறட்டைதான் தெரியும்."

அன்று தொடங்கி ஊரில் பாதிப் பேருக்கு லோர்ன்தான் நெருப்பைக் காத்தார்.

ஆலையில் அவர் பார்த்த வேலையோ இதற்கு நேர் எதிர். வெல்டர் வேலை செய்யும்போது பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு உட்கார்ந்து, தெறிக்கிற பொறி ஒவ்வொன்றும் செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வெல்டர் கையுறையைக் கழற்றிவிட்டு காப்பி குடிக்கப் போன பிறகும் இவர் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சைரன் ஒலித்தால் முதலில் தண்ணீர், கேள்வி அப்புறம். இதைத்தான் வருஷா வருஷம் வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள். ஓய்வு பெறும்வரை அவர் பார்த்தது அந்த வேலைதான்.

"பகல்ல அணைக்கிறான், ராத்திரி எரிய வைக்கிறான்," என்று பெர்னி முன்பெல்லாம் சொல்லுவான். "மச்சான், ஒரு நாளைக்கு மாத்திச் செஞ்சிடாதே. ஊரே மேல போயிடும்."

லோர்ன் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அந்த இருமலுக்காகத்தான் இப்போது மாதம் ஒருமுறை நுரையீரல் டாக்டரிடம் போகிறார்.

டெல்மா ஏப்ரலில் போனாள். தரையெல்லாம் சேறு. ஏரிக்காற்று சட்டைக்குள் புகுந்தது. அவள் மகள் டார்லா, டவுனில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள், புகையிலையை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். டெல்மா வீட்டுப் பின்புறம் ஆலை வேலியில்தான் முடிகிறது. வேலிக்கு அந்தப்பக்கம் உயரக் குழாயின் உச்சியில் கழிவு வாயுவை எரிக்கும் ஆலையின் சுடர், இந்தப்பக்கம் கல் வட்டத்துக்குள் டெல்மாவின் நெருப்பு. லோர்னும், அவருக்கு மாற்றாளாக ஹார்வியும் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நானும் போய்ப் புகையிலை இட்டுவிட்டு ஒரு கிண்ணம் சோள சூப் குடித்துவிட்டு வந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு கிளம்பியது. குடித்திருந்தார் என்றார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஆலைக்காரர்கள் போன் செய்து அணைக்கச் சொன்னார்கள், இவரும் பழைய விசுவாசத்தில் அணைத்துவிட்டார் என்றார்கள். லோர்ன் எதையும் மறுக்கவில்லை. கடைக்கு வருவதை நிறுத்தினார். பெட்ரோல் போட டவுனுக்குப் போனார். இங்கே வரி இல்லாமல் கிடைப்பதை விட்டுவிட்டு அங்கே போய் அதிக விலைக்குப் போட்டார் என்பதையே ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

அவருக்காக வாய் திறந்தவள் டார்லா ஒருத்திதான். பிங்கோ கூடத்தில் பெர்னியின் மனைவி இருந்த மேசைக்குப் போய் நின்றாளாம். பெர்னியே இதையும் சொன்னான்.

"'எங்க மாமா குடிக்கலை. அம்மாவுக்குத் தட்டு வைக்கிறப்ப நான் அவர் பக்கத்துலதான் நின்னேன், ஒரு வாடையும் இல்லை. இன்னொரு வாட்டி அந்தப் பேச்சை எடுத்தா இந்த டீ உன் மடியிலதான்'னா. எம்பொண்டாட்டி அப்படியே வாயை மூடிட்டா. கல்யாணமான நாள்லேருந்து என்னால முடியாத காரியம் அது." பெர்னி சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். "ஆனா ரெண்டு பேரும் இப்ப மூஞ்சியக் கூடப் பாத்துக்கறதில்லை. சின்ன வயசிலேருந்து ஒண்ணா வளந்ததுங்க."

அடுத்த திங்கட்கிழமை லோர்னுக்கு டாக்டர். திரும்பும்போது வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். பெரிய சாலையை விட்டு ரிசர்வுக்குள் திரும்பி, ஆலை வேலியை ஒட்டி வந்துகொண்டிருந்தோம். அப்போது சைரன் அலறியது.

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு அது அலறும். வேலை செய்கிறதா என்று பார்க்கும் வெறும் சோதனை. மற்ற நேரத்தில் அலறினால்தான் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். இது இங்கே பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குத்தான் வேனின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வானத்தை ஒருமுறை பார்த்தால்தான் மூச்சு வரும். அன்றும் ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் பக்கத்தில் பார்த்தால், லோர்னின் பெல்ட் கழன்று கிடந்தது. ஒரு கை கதவுப் பிடியில். மறு கை சீட்டுக்கு அடியில் எதையோ தேடித் துழாவிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இன்னைக்குத் திங்கட்கிழமை," என்றேன்.

"தெரியும்." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாய்க்குக்கூடத் தெரியும்."

சைரன் தானாக ஓய்ந்தது. நான் வேனை ஓரமாக நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது.

"அன்னைக்கும் திங்கட்கிழமைதான்," என்றார்.

டெல்மாவின் நெருப்புக்கு அது மூன்றாம் நாள். ஹார்வி விறகு ஏற்றிவரப் போயிருந்தான். வீட்டுக்குள் பெண்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். லோர்ன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெருப்புக்குப் பக்கத்தில் தொடர்ந்து உட்காருகிறவனுக்கு முதலில் மறந்துபோவது கிழமைதான். கண் செருகியது. எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. சைரன் காதுக்குள் அலறியபோது அவர் டெல்மா வீட்டில் இல்லை. ஆலையில், ஏதோ ஒரு தொட்டியின் அடியில், எதிரே எரியக்கூடாத ஒன்று எரிந்துகொண்டிருக்க, உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிச்சேன். செவத்தோரமா தோட்டத்துக் குழாய் கிடந்துச்சு. திறந்தேன். கால் அகட்டி நின்னு, வகுப்புல சொல்லிக்குடுத்த மாதிரியே, அடியப் பாத்து, ஓரத்துலேருந்து நடுவுக்கு. அவ்வளவு அழகா நான் ஒருநாளும் அணைச்சதில்லைப்பா. எட்டிப் போயி ஒரு பொறி கிடந்துச்சு. அதையும் விடலை."

கடைசிப் புகை எழுந்தபோதுதான் நாய் அவர் கண்ணில் பட்டது. டெல்மாவின் கிழட்டு நாய் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. சைரனுக்கு அது தலையைக்கூடத் தூக்கவில்லை. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குள் பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். ஊர் முழுக்கத் திங்கட்கிழமையாக இருந்தது. சைரன் நின்றது. அவர் கையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

"உடனே உள்ள போய்ச் சொல்லியிருக்கணும்," என்றார். "டார்லா, மாமா இப்படிப் பண்ணிட்டேன், மறுபடி மூட்டலாம், என்ன செய்யணுமோ செய்வோம்னு. பெரியவங்களைக் கூப்பிட்டிருக்கலாம். அழுதிருப்பா. அவ்வளவுதானே. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பிர்ச் மரப்பட்டையைக் கிழிச்சு, சிகரெட் லைட்டரால பத்த வச்சேன். புகையிலை போடலை. ஒரு வார்த்தை சொல்லலை. யாராவது பாக்கறதுக்குள்ள எரியணும், அதுதான் நெனப்பு. திருட்டுத்தனமா குளிர் காயறவன் மாதிரி."

சாம்பல் முழுக்க ஈரம். நெருப்பு புகைந்து புகைந்து எரிந்தது. அப்போது கதவு திறந்தது. அம்மாவுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு டார்லா வந்தாள். சோள சூப், வறுத்த பலோனி இறைச்சி, டெல்மா குடிக்கிற மாதிரியே பால் அதிகம் விட்ட டீ.

"ஏன் மாமா இவ்வளவு புகை?"

"ஈர விறகும்மா," என்றார் லோர்ன்.

அவள் நம்பினாள். குனிந்து தட்டிலிருந்ததை நெருப்பில் இட்டாள். "சூடா இருக்கும்மா, மெதுவா சாப்பிடு," என்றாள். பிறகு அவர் தோளில் கைவைத்து, "மீக்வெச், மாமா. நீங்க இல்லைன்னா அம்மா பயந்திருப்பாங்க," என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வேனுக்குள் லோர்ன் கழன்று கிடந்த பெல்ட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"குடிச்சேன்னு சொல்றாங்களே, சொல்லட்டும்னு விட்டுட்டேன்," என்றார். "குடிச்சவனை இந்த ஊர் மன்னிச்சிடும். என்னையே மன்னிச்சுதே. வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான், எல்லாருக்கும் அது பழக்கம். இது வேற. ஒரு பொட்டுக் குடி இல்லாம, நல்ல புத்தியோட, என் அக்கா நெருப்பை என் கையே அணைச்சுது. அந்தக் கை யாருதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அப்புறம் பாத்தா டார்லா எனக்காகச் சண்டைக்குப் போயிருக்கா. குடிக்கலைன்னு. அது உண்மைதான். அவ சொல்ற உண்மைக்குப் பின்னால போயி நான் ஒளிஞ்சிட்டிருக்கேன்."

வேனை எடுத்தேன்.

அவர் வீட்டு வாசலில் ஹார்வியின் டிரக் நின்றது. ஹார்வி படியில் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து தொப்பியைக் கழற்றினான். அவன் கையில் சிவப்புத் துணி முடிச்சு.

"அப்பா போயிட்டார்," என்றான். "காலைல, நான் ஷேவ் பண்ணிவிட்டுட்டு இருக்கறப்பவே. பாதி முகம்தான் முடிஞ்சிருந்துச்சு. மீதியை அப்புறம் செஞ்சேன்."

லோர்ன் அவனைக் கட்டிக்கொண்டார். மூவரும் சமையலறைக்குள் போனோம். நான் லோர்னின் மருந்துப் பையை வைத்துவிட்டுக் கிளம்பத்தான் நினைத்தேன். ஆனால் ஹார்வி முடிச்சை மேசையில் அவர் முன்னால் வைத்தான். அதற்குப் பிறகு எழுந்து போவது மரியாதை இல்லை.

லோர்ன் அதைத் தொடவில்லை.

"என்கிட்டயா கொண்டுவந்தே?"

"உங்ககிட்டதான்."

"ஹார்வி, டெல்மா நெருப்பு..."

"தெரியும்," என்றான் ஹார்வி. "சாம்பலை நான்தானே அள்ளினேன். சிமெண்ட் மாதிரி கட்டியா இருந்துச்சு. நனையாம அப்படி ஆகாது. எம்பொண்டாட்டிகிட்ட மட்டும் சொன்னேன். நனைஞ்சிருந்துச்சுன்னு மட்டும்தான். குடின்னு நான் சொல்லவே இல்லை, லோர்ன். அது எப்படி வளந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வளந்தப்புறம் இல்லைன்னு சொல்லவும் வாய் வரலை." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். சிரிச்சார். 'அவ்வளவு வருஷம் அங்க வேலை பாத்தா என் கையும் அதைத்தான் செஞ்சிருக்கும்'னார். எனக்கு அவன்தான் உக்காரணும்னும் சொல்லிட்டுப் போயிருக்கார்."

"அவர் சிரிப்பார். அவர் நெருப்பா அது? டார்லா சிரிக்கமாட்டா."

"அவகிட்ட அப்புறம் பேசிக்கலாமே. அப்பாவுக்கு இன்னும் மூட்டலை. அம்மா ஜன்னல்லயே நின்னு பாத்துட்டிருக்கா. இருட்டறதுக்குள்ள மூட்டணும்கிறா."

லோர்ன் முடிச்சையே பார்த்தார். தொட்டால் முடிந்தது. தொட்டுவிட்டால் நாலு நாள் அவர் அங்கேயிருந்து எழ முடியாது. இந்தப் பேச்சும் இன்னொரு நெருப்புக்குப் பின்னால் போய்விடும். டார்லாவும் நிச்சயம் வருவாள். தட்டோடு வருவாள். எங்க மாமா மறுபடி நெருப்புக்கு உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள் என்று பெர்னியின் மனைவியை ஒரு பார்வை பார்ப்பாள். வந்து அவர் தோளில் கைவைப்பாள்.

"இதைத் தொடறதுக்கு முன்னால அவளுக்குச் சொல்லணும்," என்றார். "ஈர விறகுன்னு சொன்ன வாய் இது. இதை வச்சுக்கிட்டு உங்கப்பா பேரை நெருப்புல சொல்லமாட்டேன்."

"அவ மாமாவே வேண்டாம்னு போயிட்டா?"

"போனாப் போகட்டும். அப்ப நீ வேற ஆளைப் பாரு. இல்லை, அவ சரின்னா நான் வரேன்."

"இப்ப அவ வேலையில இருப்பா."

"இருப்பா."

சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடி இல்லாததால் எண்களை என்னைப் படிக்கச் சொன்னார். குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து படித்தேன். டெல்மாவின் எண்ணுக்குக் கீழே டார்லாவின் எண் இருந்தது. இரண்டுமே டெல்மாவின் கையெழுத்து. ஒவ்வொன்றாக அழுத்தினார். ஓர் எண்ணைத் தவறாக அழுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்கிறவர்போல என்னைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

காது மந்தம் என்பதால் அவர் போனில் ஒலி எப்போதும் உச்சத்தில் இருக்கும். மறுமுனையில் மணி அடிப்பது எங்களுக்கும் கேட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கேயும் ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகள் குவிந்திருக்கும் நேரம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தால் மாமா என்று காட்டும். பகல் நேரத்தில் மாமா கூப்பிட்டால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் பயப்படுவாள்.

"அன்னைக்கு ஏன் இவ்வளவு புகைன்னு கேட்டியே," என்றார் லோர்ன், மெல்ல, எங்களைப் பார்க்காமல். சொல்லிப் பார்க்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இல்ல. டார்லா, மாமா பேசறேன். அன்னைக்கு விறகு ஈரமில்லம்மா."

ஹார்வி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மேசையில் சிவப்பு முடிச்சு, வைத்த இடத்திலேயே இருந்தது. லோர்னின் மறு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.